மூன்றாவது பொருள்

காசிமேட்டில் போட் இன்ஜின் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் சங்கம் கூடும்.
பதினோரு பேர். ஒன்பது நாற்காலி.
'ஆய்வக நுட்பநர் சங்கம், வடசென்னைக் கிளை' பலகை
சுவரில் சாத்தியபடியே இருக்கிறது.
ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடவில்லை.

மினிட் புத்தகம் என் கையில்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று கொடுத்த பொறுப்பு.

பொருள் ஒன்று: சந்தா பாக்கி.
எழுதினேன்.

பொருள் இரண்டு: யசோதரா வேலை நீக்கம்.
குழாயை மீன் ஐஸுக்குள் புதைத்துக் கொண்டுவந்திருக்கிறான் பையன்.
நல்லெண்ணம்தான். வெயில்.
கொருக்குப்பேட்டை கேட்டில் டேங்கர் ரயில்
எண்ணி முடியாத நீளத்துக்குப் போக,
ஐஸோடு ஒட்டிக் கிடந்த ரத்தம்
உள்ளுக்குள்ளேயே உடைந்துவிட்டது.
சுழற்றி எடுத்தால் சீரம் செக்கச்செவேல்.
பொட்டாசியம் ஏழு புள்ளி நாலு என்றது மெஷின்.
அது அந்த மனுஷனின் எண் இல்லை,
ஐஸின் எண்.
"மறுபடி ரத்தம் எடுத்தாதான் கையெழுத்து."
"கீழ நின்னு கத்துறாங்க, போட்டுக் குடும்மா."
போடவில்லை.
மறுநாள் வரவேண்டாமென்று வாட்ஸப்பில் வந்தது.

செயலாளர் நாகபூஷணம் கண்ணாடியைத் துடைத்தார்.
"முதலாளிக்கு ஒரு லெட்டர். அப்புறம் நாலு பேர்
நடந்தே போய்க் கேப்போம்.
சங்கம்னா டீ குடிக்கிற எடமா?"
அதற்குள் டீ வந்துவிட்டது. சிரித்தோம்.
யசோதராவும்.

லெட்டரை என்னையே எழுதச் சொன்னார்.
'தான் தரும் எண்ணுக்குத் தானே பொறுப்பென நிற்பவர்
எங்கள் உறுப்பினர்'
என்று ஆரம்பிக்க வேண்டுமாம்.

பேனா நின்றது.

போன காலாண்டு, ஒரே சீரத்தை
இருபத்து நாலு குழாயில் பங்கிட்டு
எல்லா லேபுக்கும் சங்கம் அனுப்பியது,
எவர் தராசு எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்க்க.
அந்த வாரம் என்னிடம் ரீஏஜென்ட் தீர்ந்திருந்தது.
தீர்ந்ததென்று எழுதியிருக்கலாம்.
அதற்கும் ஒரு கட்டம் இருந்தது தாளில்.
யசோதராவுக்குப் போன் போட்டேன்.
சாப்பிட்டியா, பாப்பாவுக்கு ஜுரம் விட்டுச்சா,
கிரியாட்டினின் எவ்ளோ வந்துச்சு உனக்கு?
ரெண்டு புள்ளி மூணு.
ரெண்டு புள்ளி நாலு என்று எழுதினேன்.
அந்தத் தசமம்தான் நான் போட்ட வேஷம்.
முடிவு வந்த அன்று
"தண்டையார்பேட்டை பரவாயில்லையே" என்று
என் தோளைத் தட்டினார் நாகபூஷணம்.

அவளுக்குத் தெரியும்.
அன்றைக்குப் போலவே இன்றும்
டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'பொருள் மூன்று' என்று எழுதினேன்.
நிரலில் இரண்டுதான் இருந்தன.
எழுதியதைச் சபையில் வாசிக்க வேண்டும், விதி.
வாசித்தேன்.

கீழே ஒரு இன்ஜின், இழுத்தும் பிடிக்காமல்
இருமி இருமி அடங்கியது.

"நடந்து போய்க் கேக்கணும்னு சொன்னேன்ல,
மொதல்ல எந்த லேபுக்குன்னு தெரிஞ்சுபோச்சு."
கோபமா என்று பிடிபடாத குரல்.
லெட்டரை ஷமீமா எழுதினாள், கிறுக்கலாக.
எனக்கு மூன்று மாதம்:
ஒவ்வொரு ரிசல்ட்டிலும் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும்.
யார் போவது?
ஆளாளுக்கு டியூட்டி நேரம் சொன்னார்கள்.
"எனக்குத்தான் இப்ப வேலை இல்லியே" என்றாள் யசோதரா.

திங்கள் காலை வந்தாள். முதலில் கை கழுவினாள்.
சுவரில் என் கன்ட்ரோல் வரைபடம்,
முப்பது நாளும் நடுக்கோட்டிலேயே எறும்புச் சாரியாய்.
கிட்டப் போய்ப் பார்த்தாள்.
"எந்த மெஷினும் இவ்ளோ ஒழுங்கா நிக்காது, ததேயு."

பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.
ரீஏஜென்ட்டுக்குப் பக்கத்தில் என் சாப்பாட்டு டப்பா.
ஒன்றும் சொல்லாமல்
எடுத்து ஜன்னலில் வைத்தாள்.